கண்களைச் சிமிட்டவும்

எனக்கு இடது கண் இல்லை. எட்டு வயதில், தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்திருந்தபோது, போரில் வந்து விழுந்த செல் குண்டின் துண்டு ஒன்று பட்டுப் போய்விட்டது. அந்த இடத்தில் செயற்கையாக வைத்த கண் ஒன்று இருக்கிறது. மேல் இமையில் தையல் போட்ட தழும்பு இழுத்துப் பிடித்திருப்பதால் அது முழுதாக மூடாது. நித்திரையிலும் கொஞ்சம் திறந்தபடிதான் இருக்கும் என்று என் கணவர் சொல்வார். இதை நான் யாருக்கும் விளக்கிக்கொண்டு திரிவதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குத் தேவையில்லை. இத்தனை வருடங்களில் அந்தக் கண்ணால் எனக்கு ஒரு வேலையும் தடைப்பட்டதில்லை. போன வருடம்தான் தடைப்பட்டது.

நான் கறித்தூள் செய்து விற்பவள். புத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு என்று எல்லாவற்றையும் அங்கே தனித்தனியாக வறுத்து, ஆறவிட்டு, மில்லுக்குக் கொண்டுபோய்த் திரித்து வருவேன். முதலில் அயலுக்கு விற்றேன். பிறகு கொழும்பிலிருந்து கேட்டார்கள். ஆடி, ஆவணியில் வெளிநாட்டுச் சனம் ஊருக்கு வரும். திரும்பிப் போகும்போது அவர்கள் பெட்டியில் உடுப்பைவிடத் தூள்தான் கூட இருக்கும். அந்த இரண்டு மாதமும் கொட்டிலில் அடுப்பு எரிந்தால்தான் மிச்சப் பத்து மாதமும் வீட்டில் அடுப்பு எரியும். கணவருக்கு இருப்பது குத்தகைத் தோட்டம். வெங்காயம் ஒரு வருடம் கொடுக்கும், அடுத்த வருடம் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

காசு எனக்குக் கைபேசியில்தான் வரும். சந்தியில் தொலைத்தொடர்புக் கடை வைத்திருக்கும் அண்ணை சில வருடங்களுக்கு முன் ஒரு செயலியைப் போட்டு, என் அடையாள அட்டையைப் படம் பிடித்துப் பதிந்து தந்தார். வாங்குகிறவர்கள் தங்கள் கைபேசியிலிருந்து அனுப்புவார்கள், எனக்கு மணி அடிக்கும். மிளகாய் வியாபாரிக்கும் மில்லுக்கும் அதிலிருந்தே கொடுத்துவிடுவேன். வேண்டுமென்றால் அண்ணையின் கடையில் காசாக மாற்றிக்கொள்ளலாம். என் பெயரில் என் கைக்குள் ஒரு காசுப்பை இருந்தது எனக்குப் பெருமைதான். அதை மறைக்கத் தேவையில்லை.

ஆடி மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, கொட்டிலில் மல்லி வறுத்துக்கொண்டிருந்தபோது செயலி திறக்க மறுத்தது. உங்கள் கணக்கை மறுபடி உறுதிப்படுத்த வேண்டும், முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும் என்று வந்தது. வைத்தேன். கண்களைச் சிமிட்டவும் என்றது. சிமிட்டினேன். வட்டம் சிவப்பாகியது. “உயிருள்ள முகம் கண்டறியப்படவில்லை.”

கொட்டிலின் இருட்டுத்தான் காரணம் என்று நினைத்துக் கிணற்றடிக்கு வந்தேன். அங்கேயும் அப்படித்தான். கணவர் தோட்டத்தால் வந்து, முகத்தைத் துடைத்துப்போட்டு எடும், எண்ணெய் மினுங்குது என்றார். துடைத்துவிட்டு எடுத்தேன். மூன்றாவது முறையும் பிழைத்ததும், இருபத்துநான்கு மணித்தியாலம் பொறுக்கச் சொல்லிப் பூட்டிக்கொண்டது. அதுவரை எனக்கு விளங்கவில்லை. கைபேசி கறுத்துப்போனபோது அந்தக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. வெறுமனே ஒருமுறை சிமிட்டிப் பார்த்தேன். வலது கண் மூடித் திறந்தது. இடது கண் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது.

வெளிநாட்டுச் சனம் வரும் காலம் என்பதால் முற்பணமாகக் கட்டியவர்களின் காசு முழுவதும் அதற்குள்தான் இருந்தது. அந்தக் காசில்தான் மிளகாய் வாங்க வேண்டும்.

செயலிக் கொம்பனியின் இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. கனநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண்பிள்ளை வந்தாள்.

“பிள்ளை, எனக்கு ஒரு கண்தான் இருக்கு. மற்றது வைச்ச கண். அது மூடாது.”

“அப்ப மற்றக் கண்ணை மட்டும் சிமிட்டிப் பாருங்கோ அக்கா.”

“பாத்திட்டன்.”

“அது சிஸ்டம்தான் பாக்கிறது அக்கா. எங்களாலை ஒண்டும் செய்யேலாது. உந்த மின்னணுக் கொடுப்பனவுகளுக்குப் புது விதி வருது. அதுக்கு ஆயத்தமா எங்கடை கொம்பனி எல்லாரையும் திரும்பச் சரிபாக்குது.”

“விதி வந்திட்டுதோ?”

“இல்லை அக்கா. இன்னும் யோசனையாத்தான் இருக்கு. ஆனா வரும்.”

வராத விதி ஒன்று என் காசைப் பூட்டி வைத்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கொம்பனியின் அலுவலகம் எங்கே என்று கேட்டேன். கொழும்பில் என்றாள். வந்தால் பார்ப்பார்களா என்றேன். முறைப்பாடு பதிந்து, அழைப்பு வந்தால்தான் வரலாம் என்றாள். பதியச் சொன்னேன். பதிந்தாள்.

கடை அண்ணையிடம் போனேன். அவர் அந்த யோசனையைத் தன் கைபேசியில் தேடி எடுத்தார். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. அவருக்கு விளங்கிய அளவுக்கு எனக்கு வாசித்துச் சொன்னார். களவும் ஏமாற்றும் கூடிவிட்டதாம். செத்தவர்களின் பெயரிலும், படத்தைக் காட்டியும் கணக்குத் திறக்கிறார்களாம். ஆகவே கணக்குக்காரர் உயிரோடு இருக்கிறவர்தான் என்று கொம்பனிகள் உறுதிப்படுத்த வேண்டுமாம்.

“நல்லதுக்குத்தான் தங்கச்சி கொண்டுவரினம்,” என்றார் அவர். “போன மாசம் ஒரு கிழவரை ஏமாத்தி உள்ளதெல்லாம் உருவிப்போட்டாங்கள். ஆனா உம்மைப்போலை ஆக்களை அவை நினைச்சுப் பாக்கேல்லைப் போலை.”

“உங்கடை கடையிலை வைச்சு நீங்கள் உறுதிப்படுத்த ஏலாதோ அண்ணை? நீங்கள்தானே பதிஞ்சு தந்தனீங்கள்.”

“முந்தி ஏலும். இப்ப எங்களுக்கே கட்டுப்பாடு வரப்போகுதாம். நான் இந்த வேலையையே விட்டிடுவனோ தெரியாது.”

ஆடி பாதி போயிற்று. மிளகாய் வியாபாரி கொஞ்சம் கடனுக்குத் தந்தார், பிறகு அவரும் கையை விரித்தார். முற்பணம் கட்டியவர்களுக்கு ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் போனை வைத்துவிட்டார்கள். கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அன்ரி இருந்தார். மகள் லண்டனிலிருந்து வந்திருந்தாள், திரும்பும்போது கொண்டுபோகப் பத்துக் கிலோவுக்கு முழுக் காசும் அனுப்பியிருந்தார். முதலில் அன்பாகத்தான் கதைத்தார். மகள் போகும் நாள் கிட்டக் கிட்டக் குரல் மாறியது.

“கண் சிமிட்டேலாததாலை காசு தரேலாது எண்டா ஆரும் நம்புவினமோ பிள்ளை? வேறை நல்ல பொய் ஏதும் இருந்தாச் சொல்லும்.”

என் கண்ணைப் பற்றி அந்நியர்களிடம் நான் சொல்லத் தொடங்கியதே அந்த ஆடியில்தான். அதற்குக் கிடைத்தது இந்தப் பதில்.

அன்று மத்தியானம் நான் கணவரிடம் ஒன்று கேட்டேன். அவர் மாட்டேன் என்றார். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். என் இடது மேல் இமையின் மயிர்களில், பிள்ளைகள் கடதாசி ஒட்டும் பசையால் ஒரு மெல்லிய நூலை ஒட்டினேன். நான் வலது கையால் கைபேசியைப் பிடிப்பது, சிமிட்டவும் என்று வந்ததும் அவர் வட்டத்துக்கு வெளியே கீழே இருந்து நூலை மெதுவாக இழுப்பது. அவ்வளவுதான் திட்டம். வெங்காயத்துக்கு மண்வெட்டி பிடிக்கிற கை அது. நூலின் மென்மை அதற்குப் பிடிபடவில்லை. முதல் தடவை நூல் கழன்றது. இரண்டாம் தடவை இமை பாதி இறங்கியது, தழும்பு பிடித்துக்கொண்டது. “இழுங்கோ,” என்றேன். அவர் இழுத்தார். எனக்குப் பொறி பறந்தது. செயலி, முகத்தை எதனாலும் மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கணக்கை நிரந்தரமாகப் பூட்டியது.

அவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். “நான் இனி உதைச் செய்யமாட்டன்,” என்றார். “நீர் கேட்டாலும் செய்யமாட்டன்.” அவர் அழுகிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இமை வீங்கிச் சீழ் வைத்து, வைத்த கண்ணைக் கழற்றிவிட்டு இரண்டு கிழமை கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தேன்.

அந்த இரண்டு கிழமைக்குள்தான் என் படம் முகநூலில் வந்தது. தூள் பைகளோடு நான் நிற்கும் படம், வியாபாரத்துக்காக நானே போட்டது. மேலே, யாழ்ப்பாணத்துத் தூள் என்று காசு வாங்கி ஏமாற்றும் பெண், கவனம் என்று அந்த அன்ரி எழுதியிருந்தார். அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியதை நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். கணவர் கைபேசியைப் பறித்தார். மில்லுக்குப் போனால் சனம் எனக்கு இடம் விட்டு நின்றது. கோயிலில் ஒருத்தி, காசைத் திருப்பிக் குடுத்திட்டியோடி என்று அக்கறையாகத்தான் கேட்டாள். அந்த அக்கறைக்குத்தான் நான் கூசினேன். அதற்குப் பிறகு நான் கோயிலுக்கும் போகவில்லை. விடிந்தால் கொட்டிலுக்குள் போய்ப் பற்றவைக்காத அடுப்புக்கு முன்னால் இருப்பேன். அரிவாள், உலக்கை, வறுக்கிற தாச்சி என்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு இருப்பேன். இருந்து என்ன பயன் என்று நினைத்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் கணவர் தோட்டத்துக்குப் போகாமல் கொட்டில் வாசலில் வேலி கட்டுவதுபோலப் பாவனை செய்துகொண்டு நின்றார். இருக்கிற வேலியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

பிறகு ஒருநாள் வெங்காய வியாபாரியைக் கூட்டிவந்து, முற்றாத வெங்காயத்தைத் தோட்டத்தோடு கேட்ட விலைக்குக் கொடுத்தார். என்னிடம் கேட்கவில்லை. அந்தக் காசை வங்கியில் கட்டி, வெள்ளவத்தை அன்ரிக்கும் இன்னும் மூன்று பேருக்கும் திருப்பி அனுப்பினோம். அன்ரியிடமிருந்து, கிடைத்தது என்று ஒரு சொல் வந்தது. படம் அப்படியே இருந்தது.

அந்த யோசனைகள் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம், யாழ்ப்பாண நகரில் ஒரு கூட்டம் நடக்கிறது என்று பத்திரிகையில் சிறிதாகப் போட்டிருந்ததைக் கடை அண்ணைதான் வெட்டிவைத்துத் தந்தார். கணவரும் நானும் மோட்டார் சைக்கிளில் போனோம். குளிரூட்டிய மண்டபம். வங்கிக்காரர், கடைக்காரர், கழுத்துப்பட்டி கட்டியவர்கள். கொழும்பிலிருந்து வந்த அரச அதிகாரி திரையில் படங்கள் காட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். எங்களைப்போலத் தமிழ் அதிகாரி ஒருவர், நடுத்தர வயதுப் பெண், பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். கேள்வி நேரத்தில் கட்டணம் எவ்வளவு, எல்லை எவ்வளவு என்று கேட்டார்கள். நான் கையை உயர்த்தினேன். ஒலிவாங்கி வருவதற்குள் கேட்க வேண்டியதை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

“ஐயா, நான் புத்தூரிலிருந்து வாறன். என்ரை முகம் உயிருள்ள முகம் இல்லையெண்டு போன் சொல்லுது. நான் உயிரோடைதான் நிக்கிறன். நீங்களே ஒருக்காப் பாருங்கோ.”

மொழிபெயர்த்ததும் அவர் என்னை மேடைக்குக் கிட்ட வரச் சொன்னார். என் கணக்கு ஏற்கெனவே பூட்டியிருந்ததால் தன் கைபேசியில் அதே மாதிரியான ஒரு செயலியை எடுத்து, தானே என் முகத்துக்கு நேரே பிடித்தார். சனத்துக்கு முன்னால் போகவென்று மறுபடி போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். சிமிட்டினேன். அவர் திரையைப் பார்த்தார். இன்னொரு முறை பிடித்தார். பிறகு கைபேசியைக் கீழே இறக்கிவிட்டு, என்னை நேராகப் பார்க்காமல், தாளில் ஏதோ எழுதினார்.

இது இன்னும் விதியாகவில்லை, கொம்பனிகள் முன்கூட்டியே தாமாகச் செய்கின்றன என்று அவர் சொன்னதாக அந்த அம்மா மொழிபெயர்த்தார்.

“அப்ப நான் ஆரிட்டைக் கேக்கிறது?”

“கொம்பனியிட்டை.”

“கொம்பனி உங்களைச் சொல்லுதே.”

அதை அவர் மொழிபெயர்த்தாரோ தெரியாது. ஒலிவாங்கி அடுத்தவரிடம் போய்விட்டது.

வெளியே மதிலோடு நின்றபோது அந்த அம்மா தேடி வந்தார். “எழுதித் தாங்கோ. கதைச்சது காத்தோடை போயிடும். கருத்து எடுக்கிற கடைசித் திகதிக்கு முன்னம் எழுத்திலை இருந்தா அவை பதில் எழுதவேணும். தமிழிலையே எழுதுங்கோ, நான் கொண்டுபோறன்.” ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் தந்தார். மோட்டார் சைக்கிள் இருக்கையில் தாளை வைத்து எழுதத் தொடங்கினேன். கணக்கு இலக்கத்தோடு தொடங்கினேன், ஆனால் எப்படியோ செல் விழுந்த அந்தக் காலைக்குப் போய்விட்டேன். என்னைப் பெற்ற அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது, மயக்கமருந்து இல்லாமல் தைத்தது, பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசை வாங்கில் இருந்தது. முப்பது வருடமாகச் சொல்லாததை ஒரு கொடுப்பனவு விதிக்குக் கருத்தாக எழுதிக் கொடுத்தேன். கடைசியில், மற்றவர்கள் கைபேசியில் காட்டுகிற முகத்தை நான் நேரே வந்து காட்டி உறுதிப்படுத்த ஒரு வழி விடுங்கள் என்று கேட்டேன். கையெழுத்தைப் போட்டு அவரிடம் நீட்டினேன்.

அந்தக் கடிதத்தாலோ, முதலில் பதிந்த முறைப்பாட்டாலோ தெரியாது, ஒரு மாதத்துக்கு மேல் கழித்துக் கொம்பனி கொழும்புக்கு வரச் சொன்னது. போனேன். ஒரு பெண் என் அடையாள அட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினாள். தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. காசை வங்கிக் கணக்குக்குப் போடுவோம், ஆனால் இந்தக் காசுப்பையை மூட வேண்டும், மறுபடி சரிபார்க்கும்போது இதே பிரச்சினை வரும் என்றாள்.

“நீங்கள் இப்ப பாத்தனீங்கள்தானே,” என்றேன்.

“நான் பாத்தது சிஸ்டத்துக்குத் தெரியாது அக்கா.”

திரும்பும் வண்டிக்கு நேரம் இருந்தது. பொதி அனுப்பும் விலாசம் என்னிடம் இருந்ததால் வெள்ளவத்தைக்குப் போனேன். மூன்றாம் மாடி. கதவைத் திறந்த அன்ரி என்னைக் கண்டதும் யாரென்று கேட்கவில்லை. என் முகத்தை அவர் படத்தில் பார்த்திருக்கிறார், நேரில் இப்போதுதான் பார்த்தார். பார்வை இடது கண்ணில் நின்று, விலகி, திரும்ப வந்தது.

“உள்ளுக்கு வாரும் பிள்ளை.”

“நான் இருக்க வரேல்லை அன்ரி. அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லத்தான் வந்தனான்.”

“காசு வந்த கையோடை எடுக்கத்தான் நினைச்சனான். பிறகு மறந்துபோனன்.”

அந்தப் படம் கிடந்த நாட்களில்தான் என் கணவர் வேலியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அதை அன்ரியிடம் சொல்லவில்லை. அன்ரி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கைபேசியைத் தடவினார். எதை அழுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தேன். படம் போனது.

“வேறை ஆக்களும் எடுத்துப் போட்டிருப்பினம்,” என்றார் மெதுவாக. “அதுக்கு நான் என்ன செய்யிறது பிள்ளை?”

“தெரியாது அன்ரி,” என்றேன். தேநீர் ஊற்றட்டோ என்றார். வேண்டாம் என்றுவிட்டுப் படியிறங்கினேன். கடற்கரைத் தெருவில் கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான் அழுகை வந்தது. நூலால் இழுத்த அன்று வராத அழுகை. இரண்டு கண்ணாலும் வந்தது. வைத்த கண்ணுக்கும் கண்ணீர் வரும், அது பலருக்குத் தெரியாது.

காசு வந்தது. அதற்குள் வெளிநாட்டுச் சனம் திரும்பிவிட்டது. கணவரின் அடையாள அட்டை பழையது, படம் அழிந்தது. புதியதற்கு எழுதிப்போட்டு அது கார்த்திகையில்தான் கிடைத்தது. கடை அண்ணை அவர் பெயரில் ஒரு காசுப்பை திறந்தார். கணவர் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்து ஒருமுறை சிமிட்டினார். வட்டம் பச்சையாகியது. “சரியாம்,” என்றார். என் பக்கம் திரும்பாமலே கைபேசியை என் கையில் வைத்தார்.

அந்த விதி இன்னும் வரவில்லை. யோசனையைத் திருத்துகிறார்கள் என்கிறார் அண்ணை. என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கொட்டிலில் மறுபடி வறுக்கிறேன், முன்பு வறுத்ததில் பாதிக்கும் குறைவு. போன கிழமை புதிதாக ஒருவர் இரண்டு கிலோ கேட்டுப் போன் எடுத்தார். காரம் எப்படி, எப்போது கிடைக்கும் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டார். பிறகு, “போனை ஐயாட்டைக் குடுங்கோ, அவரின்ரை பேரிலைதானே காசு போடுறது. அவரோடை கதைச்சிட்டுப் போடுறன்,” என்றார்.

“ஓம், பொறுங்கோ,” என்று சொல்லிக் கைபேசியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தேன்.